உடைந்த சன்ரூஃப்: கண்ணாடிக்கு முன்னால் தண்ணீர்க் காடியைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2021 மாடல் எஸ்யூவி, 1,497 சிசி பெட்ரோல், கூரையில் பெரிய கண்ணாடி வைத்த பனோரமிக் சன்ரூஃப். போன வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது பெருந்துறை தாண்டியதும் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் மேலே முன்பக்கக் கண்ணாடியே இல்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. உள்திரை மூடியிருந்ததால் யாருக்கும் அடியில்லை. சர்வீஸ் சென்டரில் சட்டம், மோட்டாரோடு முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும் என்று 1,10,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். கோவையில் ஒரு கடையில் கண்ணாடி மட்டும் 22,000 ரூபாய்க்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸில் நாலு வருடமாக கிளெய்மே எடுத்ததில்லை. ஆனால் இந்த முறை ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) போடவில்லை. என் மாமனாரோ, "ஒரு தகரத்தை அடிச்சு மூடிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்கிறார். கண்ணாடி தானாக எப்படி உடையும்? நான் எதைச் செய்வது? ஆறு வயது மகள் இனி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறாள்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உள்திரை மூடியிருந்தது உங்கள் நல்ல நேரம். அதை இப்போதும் திறக்காதீர்கள். திரை துணிச் சுருள். சுவிட்சைத் தட்டினால் மேலே கிடக்கும் தூளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், அப்புறம் திரையும் போச்சு. கண்ணாடிக்கான சுவிட்சையும் தொடாதீர்கள். "மிச்சத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் பார்க்க நன்றாக இருக்குமே" என்று பலர் ஓட்டிப் பார்க்கிறார்கள். கண்ணாடி ஓடும் ரெயிலில் கிடக்கும் ஒரு சில்லு போதும், அதை இழுக்கும் கேபிளின் பல்லைத் தின்றுவிட. கண்ணாடிச் செலவு அசெம்பிளிச் செலவாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் போட்டோ எடுங்கள். மேலிருந்து, உள்ளிருந்து, நான்கு மூலைகள், ஓரத்தில் தொங்கும் துண்டுகள், நம்பர் பிளேட்டோடு சேர்த்து ஒன்று. அதற்கு அப்புறம்தான் சுத்தம். வண்டியை ஷெட்டில் நிறுத்த முடிந்தால் நல்லது. பொள்ளாச்சி என்பதால் சொல்கிறேன், தென்னை மரத்தடி வேண்டாம். கட்டாயம் வெளியில்தான் என்றால் கெட்டியான பாலிதீன் ஷீட்டைப் போட்டு ஒட்டுங்கள். பெயிண்டின் மேல் நேராகப் பழுப்பு டேப்பை ஒட்டாதீர்கள். நம் வெயிலில் இரண்டு நாள் இருந்தால் பசை வார்னிஷோடு பிடித்துக்கொள்ளும். பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை முதலில் ஒட்டி, அதன் மேல் மற்றதை ஒட்டுங்கள். அந்த ஷீட்டோடு பட்டறை வரை மெதுவாக ஓட்டி வரலாம், நெடுஞ்சாலை வேகம் போனால் பலூன் மாதிரி உப்பிப் பிய்த்துக்கொண்டு போகும்.

சரி, ஏன் உடைந்தது?

முன் விண்ட்ஷீல்டும் சன்ரூஃபும் ஒரே ஜாதிக் கண்ணாடி இல்லை. விண்ட்ஷீல்டு, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், கீழே கொட்டாது. சில கார்களின் சன்ரூஃபிலும் அது உண்டு. உங்களுடையது கற்கண்டு மாதிரி பொடியாகச் சிதறியிருக்கிறது, அதனால் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று காற்றடித்து ஆறவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பின்னால் சுருங்கும். அதனால் வெளிப்புறம் எப்போதும் அமுக்கத்தில், உள்புறம் எப்போதும் இழுப்பில். இந்த இழுபறிதான் அதன் பலம். இறுகிய தோலைத் தாண்டி உள்ளே ஒரு சிறு கீறல் போய்விட்டால், அத்தனை இழுப்பும் ஒரே நொடியில் அவிழும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

அந்தக் கீறல் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாதம் முன்னால் டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லி ஓரத்தில் லேசாகக் கொத்தியிருக்கலாம். அப்புறம் ஒரு நாள் வெளியே கொதிக்கும் வெயில், உள்ளே ஏசி, ஒரு வேகத்தடையில் பாடி சற்று முறுக்கிக்கொண்டது, முடிந்தது கதை. கண்ணாடி வார்க்கும்போதே நிக்கல் சல்ஃபைடு துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு, வருடங்கள் கழித்து மெல்லப் பெருத்து உடைப்பதும் உண்டு. ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை அச்சடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பீங்கான் மை வைத்துச் சுடும் அந்தப் பட்டை இருக்கும் இடத்தில் கண்ணாடியின் பலம் குறைகிறது என்று தென்கொரியா சொல்லி, ஐ.நா. வாகன விதிக் குழுவில் பனோரமிக் சன்ரூஃபுக்கென்று தனியாகவே விவாதம் நடந்தது. ஆகவே "தானாக உடைந்தது" என்று நீங்கள் சொல்வதைப் பொய் என்று யாரும் தள்ளிவிட முடியாது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, சாட்சியெல்லாம் பெருந்துறை ரோட்டில் கொட்டிக் கிடக்கிறது.

இன்னொன்று. சில்லுகள் வெளியே பறந்ததால் உள்ளிருந்துதான் ஏதோ தாக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி வேகமாகப் போகும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து உறிஞ்சும். வெளியிலிருந்து கல் பட்டு உடைந்தாலும் பெரும்பாதி மேலேதான் பறக்கும்.

கண்ணாடி தரமில்லை என்று இதற்குப் பொருளும் இல்லை. டெம்பர்டு கண்ணாடிக்கான தரச் சோதனையில் 227 கிராம் எடையுள்ள இரும்பு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், உடையக் கூடாது. உங்கள் ஊர்த் தேங்காய் மட்டையோடு ஒன்றேகால் கிலோ இருக்கும், விழுவது 12 மீட்டரிலிருந்து. கணக்குப் போட்டால் முப்பது மடங்கு அடி. அதைத் தாங்கும் என்று சாதாரணக் கார்க் கண்ணாடியிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது அசெம்பிளி விஷயத்துக்கு வருவோம். சன்ரூஃப் என்பது கண்ணாடி மட்டும் இல்லை. கூரைக்கு அடியில் ஒரு பெரிய சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு ரெயில், கண்ணாடியை இழுக்கும் கேபிள், மோட்டார், திரைச் சுருள், சுற்றிலும் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு காடி, காடியின் நான்கு மூலையிலிருந்தும் கீழே இறங்கும் நான்கு ரப்பர் குழாய். முன்னால் திறக்கும் கண்ணாடி இந்தச் சட்டத்தில் சில ஸ்டார் ஸ்க்ரூவால்தான் நிற்கிறது. பின்னால் இருக்கும் அசையாத கண்ணாடி வேறு கதை, அது விண்ட்ஷீல்டு மாதிரி பசை போட்டு ஒட்டியது. உங்களுக்கு உடைந்தது முன்பக்கம். ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய விளிம்பை எடுத்து, புதியதை வைத்து, உயரம் பார்த்து முறுக்க அரை மணி நேரம் போதும். ரூஃப் லைனிங்கைக்கூட இறக்க வேண்டியதில்லை.

முழு அசெம்பிளி எப்போது தேவை? மரக்கிளையோ தேங்காயோ விழுந்து சட்டம் வளைந்திருந்தால். ரெயில் நெளிந்திருந்தால். உடைந்த பின் சுவிட்சை அழுத்தி கேபிள் பல் போயிருந்தால். கண்ணாடியைப் பிடிக்கும் கை உடைந்திருந்தால். இதில் எது நடந்திருக்கிறது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். கூடவே உங்கள் சேசிஸ் நம்பரைப் போட்டு, பார்ட்ஸ் கேட்டலாக்கில் முன்கண்ணாடிக்குத் தனி பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் உண்டு. சில நேரம் அவர்கள் மேல் தப்பும் இல்லை. கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்து, நாளைக்கு மழை ஒழுகினால் வண்டி திரும்ப அவர்கள் வாசலில்தான் நிற்கும், அந்தப் பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு 88,000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் உங்களுக்கே தெளிவாகும். சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அந்தக் கணக்கில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வந்த தண்ணீரைக் காடி வாங்கி, கூரையைத் தாங்கும் முன் பில்லர், பின் பில்லர் வழியாகக் குழாயில் இறக்கி, சக்கரத்துப் பக்கமாக வெளியே விட்டுவிடும். வீட்டு மாடியில் மழைத் தண்ணீர்க் குழாய் மாதிரி. அந்த வாயில் வேப்பம்பூவும் சருகும் அடைத்தால் மாடியில் என்ன ஆகுமோ அதுதான் காரிலும் ஆகும்.

இரண்டு வருடம் முன்னால் ஐப்பசி மழையில் ஒருவர் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். இடது பக்கம் முன்னால் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. ஏசியிலிருந்து ஒழுகுகிறது என்று இரண்டு இடத்தில் பார்த்துவிட்டார்களாம். "சன்ரூஃப்ல ஏதாச்சும் வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டேன். சித்திரையில் வேறொரு கடையில் கண்ணாடி மாற்றியதாகச் சொன்னார். சன்ரூஃபைத் திறந்து முன் மூலையில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். இறங்கவில்லை, குளம் மாதிரி நின்றது. பையன் மெல்லிய நைலான் நரம்பை விட்டுப் பார்த்தான். குழாய் வாயிலேயே மிளகு அளவில் மூன்று கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிப் புங்கம்பூ மாவு மாதிரி இறுகிக் கிடந்தது. அதை எடுத்ததும் சர்ரென்று இறங்கிப்போய் டயர் பக்கம் சொட்டியது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குள் கார்ப்பெட்டின் அடியில் இருந்த ஒயரிங் கனெக்டர் பச்சை பிடித்துவிட்டது, அதற்குத்தான் செலவு.

அதனால்தான் சொல்கிறேன், கண்ணாடியை மாற்றுவது அரை மணி வேலை, தூளை எடுப்பது அரை நாள் வேலை. 22,000 சொன்ன கடைக்காரரிடம் விலையைப் பேரம் பேசாதீர்கள், இந்த அரை நாளைப் பேசுங்கள். ரெயில், காடி, நான்கு குழாய், திரைச் சுருளின் வாய் எல்லாம் வேக்குவம் வைத்து எடுத்துத் தருவாரா? திரையைக் கையாலேயே சிறிது சிறிதாக நகர்த்தி எடுப்பாரா? குழாயில் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பவராக இருந்தால் வேண்டாம். பில்லருக்குள் குழாய் கழன்றுகொண்டால் வெளியில் தெரியாது. மழை வந்தால்தான் தெரியும். கட்டுக்கம்பியை விட்டுக் குத்துவதும் அப்படித்தான், குழாய் ஓட்டையாகிவிடும். "அதெல்லாம் எதுக்குங்க, கண்ணாடி போட்டா போதும்" என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

பணக் கணக்கு. பாலிசியின் பொதுவிதிப்படி கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, ஜீரோ டெப் இல்லாவிட்டாலும் முழுத்தொகை உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டி வயதைப் பார்ப்பார்கள், நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் என்றால் 35%. இது போக 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயம் உங்கள் கையிலிருந்து போகும். உங்களுடையது 1,497, தப்பித்தீர்கள். அதற்கு மேல் என்றால் 2,000.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ். நாலு வருடம் கிளெய்ம் இல்லை என்றால் இப்போது 45% தள்ளுபடியில் இருக்கிறீர்கள், அடுத்த முறை 50%. கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். கிளெய்ம் எடுக்காமல் 50%-லேயே இருந்திருந்தால் என்று ஒப்பிட்டு, ஐந்து வருடத்தில் நீங்கள் இழப்பதைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, மொத்தம் 125%. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 15,000 ரூபாய் போகிறது. வண்டி மதிப்பு இறங்க இறங்க பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். உங்கள் பாலிசியில் இருக்கும் தொகையைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இப்போது பொருத்திப் பாருங்கள். அசெம்பிளியை இன்சூரன்ஸில் மாற்றினால், கண்ணாடி, கூலி போக மீதிப் பாகங்கள் 80,000 என்று வைத்தாலும் 35% கழிவே 28,000. பிளாஸ்டிக் அதிகமென்றால் இன்னும் ஏறும். அதோடு 1,000, போனஸ் இழப்பு 15,000. ஆக, "எல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கும் சார்" என்ற வேலைக்கு உங்கள் பணம் 44,000. கண்ணாடியை மட்டும் கையிலிருந்து கொடுத்து மாற்றினால் 22,000. இன்சூரன்ஸ் வழி செலவில்லாத வழி என்று நினைத்துக்கொண்டு இரட்டிப்பாகக் கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

கண்ணாடி மட்டும் கிளெய்ம் செய்தால்? 16,000 சொச்சம் போகும், 22,000-க்கு எதிரே ஐந்தாயிரம் ஆறாயிரம் மிச்சம். அந்த மிச்சத்துக்காக நான் போனஸைக் கைவிட மாட்டேன், ஆனால் அது உங்கள் விருப்பம். பாலிசியில் என்சிபி புரொடெக்ட் (நோ கிளெய்ம் போனஸுக்குப் பாதுகாப்பு) என்று ஒரு வரி இருந்தாலோ, கண்ணாடிக்கு மட்டும் கிளெய்ம் எடுத்தால் போனஸ் போகாது என்ற சலுகை இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் எடுங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும் முதலில் இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் வேலையை முடித்துவிட்டுப் பில்லை நீட்டினால் தள்ளிவிடுவார்கள். எஸ்டிமேட் பார்த்தபின் வேண்டாம் என்று தோன்றினால் விலக்கிக்கொள்ளலாம், அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். படிவத்தில் "தானாக உடைந்தது" என்று எழுதாதீர்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. உங்களுக்குக் காரணம் தெரியாது, தெரியாததை எழுத வேண்டாம் என்கிறேன். வெளியிலிருந்து விபத்தாக நேர்ந்த சேதத்துக்குத்தான் பாலிசி. தானாகப் பழுதானது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன வேகம், முன்னால் எந்த வண்டி போனது, என்ன சத்தம் கேட்டது, அவ்வளவு எழுதுங்கள். மறுத்தால் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

வெளியில் வாங்கும் கண்ணாடி நல்லதா என்பது உங்கள் அடுத்த சந்தேகமாக இருக்கும். கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் முத்திரை இருக்கும், படித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருந்தால் நம் நாட்டுத் தரம். வட்டத்துக்குள் ஈ, பக்கத்தில் 43ஆர் என்று இருந்தால் ஐரோப்பியத் தரம். ஒன்றுமே இல்லாத வெறும் கண்ணாடி வேண்டாம். செயின்ட் கோபெய்ன் செக்யூரிட், ஏஐஎஸ் இரண்டும் கார் கம்பெனிகளுக்கே கண்ணாடி கொடுக்கிறவர்கள், அவர்களுடையது கிடைத்தால் கார் கம்பெனி லோகோ இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. வெறும் கண்ணாடி மட்டும் போதாது என்பதையும் பாருங்கள். சுற்றியுள்ள ரப்பர் வார்ப்பும் அடியில் ஸ்க்ரூ ஏறும் இரும்புப் பட்டையும் சேர்ந்தே வர வேண்டும். பழைய பட்டையைப் பிய்த்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது 100 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் தலைக்கு மேல் இருக்கப்போகிற சாமான்.

கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய கண்ணாடி கிடைக்கும், விலையும் பாதிக்குக் கீழே இருக்கும். நான் பெரிதாக விரும்புவதில்லை. வாங்குவதானால் வெயிலில் தூக்கிப் பிடித்து விளிம்பு முழுக்கப் பாருங்கள். கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் வைத்துவிடுங்கள், அது நாளைக்கு வெடிக்கப்போகிற கண்ணாடி. "ரெண்டு மில்லி பெருசா இருக்கு, தேய்ச்சுப் போட்டுக்கலாம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். டெம்பர்டு கண்ணாடியைத் தேய்க்கவும் முடியாது, வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. சாணைக்கல் பட்ட மறு நொடி கையில் பொடிதான் மிஞ்சும். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், அது எந்த வண்டியிலிருந்து எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

மாமனாரின் தகரத்துக்கு வருகிறேன். அவர் தலைமுறைக்கு அது நியாயமான யோசனைதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அம்பாசடர் விண்ட்ஷீல்டை ரப்பர் பீடிங்கில் கயிறு சுற்றி, உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க, வெளியே ஒருவர் கையால் தட்டி உட்கார வைப்போம். அந்த வண்டியில் எதற்கு எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இதில் ரப்பர், காடி, ஸ்க்ரூ எல்லாம் அந்தக் கண்ணாடியின் கனத்துக்கும் வளைவுக்கும் அளந்து செய்தது. தகரமோ ஃபைபரோ வைத்தால் வேகத்தில் படபடவென்று அடிக்கும், விளிம்பில் தண்ணீர் வாங்கும், சிலிகானைக் குழப்பிப் பூசுவார்கள். அந்தச் சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் ஒழுங்கான பசை ஒட்டவே ஒட்டாது. விற்கப் போகும்போது வாங்குகிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

ஆனால் அவர் பேச்சில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. ரெயிலோ கேபிளோ கெட்டுப்போய், அதற்கு லட்ச ரூபாய் ஆகும் என்றால், கண்ணாடியை மட்டும் மாற்றி, மூடிய நிலையில் சரியாக உட்காரவைத்து, சன்ரூஃப் ஃபியூஸைக் கழற்றிவிடலாம். திறக்காது, வெளிச்சம் வரும், தண்ணீரும் வழக்கம்போல் குழாயில் இறங்கும். நம் ஊர் வெயிலில் வருடத்தில் எத்தனை நாள் திறந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதுமென்றால் இந்த வழியும் மோசமில்லை.

வண்டி எடுக்கப் போகும் நாளில் அவசரப்படாதீர்கள். மூடிய கண்ணாடியின் மேல் கையை முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். முன்விளிம்பு கூரை மட்டத்திலோ மயிரிழை கீழேயோ இருக்க வேண்டும், பின்விளிம்பு மட்டத்திலோ மயிரிழை மேலேயோ. ஏடிஎம் கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர், அதை வைத்து ஒப்பிடலாம். முன்னால் தூக்கிக்கொண்டிருந்தால் 80-ஐத் தாண்டியதும் விசில் அடிக்கும். ரூபாய் நோட்டு ஒன்றை ரப்பரில் வைத்து மூடி மெல்ல இழுங்கள், சுற்றிலும் ஒரே மாதிரி பிடித்து வர வேண்டும். ஒரு இடத்தில் லொடலொடவென்று வந்தால் அங்கே ஸ்க்ரூவை மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

கண்ணாடி மாற்றியதும் மோட்டாருக்கு அதன் எல்லையை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் மூடும் சுவிட்சைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் தானே ஒருமுறை திறந்து மூடிக்கொள்ளும், உங்கள் மாடலுக்கான முறை ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. அந்த ஓட்டத்தின்போது பல வண்டிகளில் கை மாட்டினால் நிற்கும் பாதுகாப்பு வேலை செய்யாது, யாரையும் மேலே கை வைக்க விடாதீர்கள். முடிந்த பின் சுருட்டிய செய்தித்தாளை நடுவில் வைத்து மூடிப் பாருங்கள், பட்டதும் பின்வாங்க வேண்டும். கையை வைத்துச் சோதிக்கிற வீரமெல்லாம் வேண்டாம். ரெயிலில் சாதாரண மஞ்சள் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள், தூசி ஒட்டி மாவாகிவிடும்.

மகள் பயப்படுவது இயல்பு. அவள் உட்காரும் சீட்டின் இடுக்கு, பெல்ட் பக்கிளின் வாய், சீட் ஓடும் ரெயில் மூன்றையும் வேக்குவம் போட்டபின் ஈரத்துணியில் ஒற்றி எடுங்கள், சில்லு அங்கேதான் ஒளிந்திருக்கும். கண்ணாடி போட்டு வந்தபின் தண்ணீர்ச் சோதனையை வீட்டு வாசலில் அவளோடு சேர்ந்து செய்யுங்கள். சன்ரூஃபைத் திறந்து இன்ஜினை அணைத்துவிடுங்கள். காடியின் மூலை எதுவென்று காட்டி, நீங்கள் அவளைத் தூக்கிக்கொள்ள, அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றட்டும். எந்த டயர் பக்கம் சொட்டுகிறது என்று இறங்கி ஓடிப்போய்ப் பார்க்கட்டும். முன் மூலைகளில் பார்த்த பிறகு பின் மூலைகள் கைக்கு எட்டவில்லையென்றால் வண்டி எடுக்கும் நாளிலேயே கண்ணாடி போட்டவரிடம் செய்துகாட்டச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒரு மூலைக்குக் கால் டம்ளர் போதும்.